மேல் கட்டில்

சோஹார் நீதிமன்றத்தில் எனக்கென்று நாற்காலி கிடையாது.
கூண்டுக்கும் மேடைக்கும் நடுவே
ஓர் ஆள் நிற்கும் அகலம்,
அதுதான் என் உத்தியோகம்.
நீதிபதியின் அரபியைத் தமிழில் இறக்குவேன்.
தமிழில் வருவதை அரபியில் ஏற்றுவேன்.
சுமைகூலிதான். எடை பார்ப்பவர் மேடையில் இருக்கிறார்.

புதன்கிழமை மூன்றாவது கோப்பு:
முனியராஜ், முப்பத்தொரு வயது, கமுதிப் பக்கம்.
நாற்பது மீட்டர் செம்புக் கம்பி.
புகார் கொடுத்தவர் அவனுடைய கபீல்.
அரபியில் ஜாமீனுக்கும் கபாலா,
விசா கொடுத்தவன் பிடித்திருக்கும் கயிற்றுக்கும் கபாலா.
நம் மொழி மட்டும் யோக்கியமா என்ன,
கட்டுவதும் பிணை, அவிழ்த்து விடுவதும் பிணை.

"எடுத்தாயா?"
"எடுத்து வச்சேன்யா."

ஒரு மூச்சு நின்றேன்.
எடுத்தேன் வேறு, எடுத்து வச்சேன் வேறு.
அந்த 'வச்சேன்'க்குள்
நனையாமல் ஓரமாய் வைத்தவனும் இருப்பான்,
வாங்க ஆள் வரும்வரை பதுக்கியவனும் இருப்பான்.
இருவரையும் சேர்த்து நிறுத்த
எனக்குத் தெரிந்த அரபியில் இடமில்லை.
"எடுத்து ஓரிடத்தில் வைத்ததாகச் சொல்கிறான்."
எழுத்தர் தட்டி முடித்துவிட்டு
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வழக்குக்கு இன்னும் நான்கு மாதம்.
அதுவரை உள்ளேயா வெளியேயா,
அன்றைக்கு அவ்வளவுதான் கேள்வி.
இதை அவனுக்கு இரண்டு முறை விளக்கினேன்.
இரண்டு முறையும் "நான் திருடலைங்க" என்றான்.

"யார் ஜாமீன்?"

ஊர்க்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள்.
செருப்பைக் குனிந்து பார்த்தார்கள்.
குறை சொல்ல மாட்டேன்.
ஒருவனுக்கு அடுத்த வாரம் டிக்கெட்.
இன்னொருவனின் அண்ணன் இப்படி நின்றுதான்
மூன்று வருஷமாக ஊர் போகாமல் கிடக்கிறான்.
இங்கே பாஸ்போர்ட்டைக் கொடுப்பது
முழங்காலைக் கழற்றிக் கொடுப்பது.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார்.
ரொகோனுத்தீன், சலூன்காரர், வங்கதேசம்.
பச்சைப் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையோடு நீட்டினார்.
கடைத்தெரு அரபியில் அவரே பேசினார்.
"இவன் உனக்கு என்ன உறவு?"
"மேல் கட்டில்."
நீதிபதி என்னைப் பார்த்தார்,
ஏதாவது விட்டுப்போயிற்றா என்று.
எதுவும் விட்டுப்போகவில்லை.
"அவன் மேல் கட்டில், இவர் கீழ்க் கட்டில். ஆறு வருஷம்" என்றேன்.

இனி, நான் மொழிபெயர்க்காதது.

அன்று காலை தாழ்வாரத்தில்
விலங்கைக் கழற்றும்போது முனியராஜ் கேட்டான்:
"அண்ணே, துபாய் பார்டர் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"
ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்.
தெரியாது என்றேன்.

மேடையில் பேனா மூடி கழன்றது.
கோப்பின் மேல் கை அசையாமல் இருந்தது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்காததை ஏற்ற எனக்குச் சம்பளமும் இல்லை.
அவன் அக்கா மகன் அந்தப் பக்கம் இருக்கலாம்.
வாய்க்கு வந்ததாக இருக்கலாம்.
பதினாறு நாள் அடைபட்டவன்
எதன் தூரத்தையும் கேட்கலாம்.
லாம் அரபியில் வெறும் ஓர் எழுத்து.
தமிழில் அதை வைத்து
நான் ஒரு வக்கீல் வேலையே பார்த்தேன், வாய் திறக்காமல்.

கையெழுத்து விழுந்தது.
ஞாயிறுதோறும் எட்டரைக்குக் காவல் நிலையத்தில் ஒப்பம்.
சொன்னேன். தலையாட்டினான்.
ரொகோனுத்தீன் ரசீதை நான்காய் மடித்துச்
சட்டைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் செருகினார்.

இன்று ஞாயிறு.
வெட்டத் தேவையில்லாத தலையோடு
அவர் கடை நாற்காலியில் இருக்கிறேன்.
எட்டு ஐம்பத்தைந்து.
நிலையத்திலிருந்து இங்கே பத்து நிமிட நடை.
கண்ணாடியில் இடம்வலம் மாறித் தெரு போகிறது,
ஒரு தண்ணீர் லாரி, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், மறுபடி தெரு.
கத்தரி என் காதருகே திறந்தபடி நிற்கிறது.

"வெயில்" என்கிறார். "மெதுவாத்தான் வருவான்."

பிடரியில் அவர் விரல் ஈரமாக இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் குறைக்கவா?"

குறையுங்கள் என்கிறேன்.